துணைக்கருவி இன்றிப் பொறி தொடக்கல்

(கொழும்புத்துறைத் தமிழாசிரியர் ஒருவர்)

முன்னுரை

தமிழிலக்கணம் பயின்ற மாணவர், மூன்றாம் வேற்றுமையின் பொருள்களுள் கருவியும் ஒன்று என்பதையும், அக்கருவி முதற்கருவி, துணைக்கருவி என இருவகைப்படும் என்பதையும் அறிவர். குயவன் வனையும் குடத்துக்கு மண் முதற்கருவி. அவன் சுழற்றும் திரிகை துணைக்கருவி. குடம் உள்ளவரை மண் அதனோடு ஒன்றி நிற்கும். திரிகையோ, குடம் உருப்பெறும் வரை உடன் நின்று பின்னர் விலகிவிடும். இவ்விரண்டையும் அறிந்து தொழிற்படுத்துபவன் கருத்தா எனப்படுவான்.

இப்பாகுபாடு இலக்கண வகுப்போடு முடிந்துவிடுவதன்று. ஒரு பொறியைத் தொடக்குதற்கென அமைந்த கருவி பழுதுற்றோ கிடையாமலோ போனவிடத்து என் செய்வது என்னும் வினாவுக்கு விடை காணவும் இஃது உதவும். பொறிக்கு எரிபொருள் முதற்கருவி. தொடக்கும் கருவி, அது கயிறாயினும் மின்கலமாயினும், துணைக்கருவியே. பொறி ஓடத் தொடங்கியதும் அதன் பணி முடிந்துவிடுகின்றது. ஆகவே துணைக்கருவி ஒன்று இல்லாதவிடத்து வேறொன்றை அமைத்துக்கொள்ளலாம். ஆனால், அது செய்த பணி யாதென்பதை அறிந்த கருத்தா இல்லையெனின், கருவிகள் நிறைந்த பட்டறையிலும் பொறி தொடங்காது. இதனை நம் யாழ்ப்பாணத்து அண்மை வரலாற்றிலிருந்தும், இக்காலச் சிறுவர் விளையாடும் நைத்திரோ வண்டியிலிருந்தும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறி வேண்டும் மூன்று

உள்ளே எரிபொருளை எரித்து இயங்கும் எப்பொறியும் தொடங்குதற்கு மூன்று வேண்டும். முதலாவது, காற்றோடு தக்க அளவிற் கலந்த எரிபொருள் ஆவி. திரவமாகவே நிற்கும் எண்ணெய் உருளையினுள் எரியாது; அஃது ஆவியாதல் வேண்டும். இரண்டாவது, சுழற்சி. பொறியின் அச்சு சுழன்றாலன்றிப் பிஸ்ரன் எனப்படும் முசலம் ஏறியிறங்கி ஆவியை உள்ளிழுத்து அமுக்க இயலாது. மூன்றாவது, அமுக்கப்பெற்ற ஆவியைப் பற்றவைக்கும் வெப்பம். பெற்றோற் பொறியில் இதனைப் பிளக்கின் மின்பொறி தருகின்றது. டீசற் பொறியிலோ காற்று மிக அமுக்கப்படுவதாற் பிறக்கும் வெப்பமே தருகின்றது.

பொறி ஓடத் தொடங்கிவிட்டால் இம்மூன்றையும் அதுவே தேடிக்கொள்ளும். தன் உறிஞ்சலால் எரிபொருளை இழுக்கும். பறப்புச்சில்லின் வேகத்தாற் சுழற்சியைத் தொடரும். தன் எரிவால் வெப்பத்தைக் காக்கும். தொடங்கும்போது மட்டுமே பிறர் உதவி வேண்டும். 1912ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் சாள்ஸ் கெற்றரிங் அமைத்த மின்தொடக்கி கடிலாக் மோட்டார் வண்டியில் இடம்பெறும் வரை, வண்டியின் முன்னே நின்று கைப்பிடியைச் சுழற்றியே பொறியைத் தொடக்கினர். நம் ஊர்த் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் வண்டிகளுக்கும் அக்கைப்பிடி இருந்தது. கைப்பிடி போய்த் திறப்பு வந்தது. திறப்புப் போய்ப் பொத்தான் வந்தது. துணைக்கருவிகள் இவ்வாறு மாறினும் ஆவி, சுழற்சி, வெப்பம் என்னும் மூன்றும் மாறவில்லை.

எனவே, பொறி தொடங்காதபோது கேட்கவேண்டிய வினா, “அந்தக் கருவி எங்கே?” என்பதன்று, “இம்மூன்றனுள் எது குறைகின்றது?” என்பதேயாகும்.

மண்ணெண்ணெய்க் காலம்

இவ்வினாவை ஒரு குடாநாடு முழுவதும் கேட்டு விடை கண்ட காலம் ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோலும் உலர்மின்கலமும் வருதல் தடைப்பட்டது. மின்சாரமும் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் அருமையாகக் கிடைத்தது. விளக்குக்கும் அதுவே, நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் அதுவே, மோட்டார் வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அதுவேயாயிற்று. வானொலிச் செய்தி கேட்க விரும்பியோர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து மின்னெடுத்தனர்.

பெற்றோலுக்கென அமைந்த பொறி மண்ணெண்ணெயில் ஏன் எளிதில் தொடங்காது என்பதை மாணவர் அறிதல் வேண்டும். ஒரு திரவத்தின் மேற்பரப்பில் தீப்பற்றத்தக்க அளவு ஆவி எழுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்பர். பெற்றோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை சென்ரிகிறேட் ஆகும். மண்ணெண்ணெய்க்கோ பூச்சியத்துக்கு மேலே ஏறத்தாழ 38 பாகை, அல்லது அதனினும் மிகுதி. நம் ஊர்க் காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் 28 பாகையை ஒட்டியது. எனவே நம் ஊரில் பெற்றோல் எந்நேரமும் ஆவியாய் எழுந்து நிற்க, மண்ணெண்ணெய் அதற்கு வேண்டிய வெப்பத்தை எட்டாமற் கிடக்கின்றது. பொறி சூடேறிவிட்டால் மண்ணெண்ணெயும் ஆவியாகும், எரியும். ஆயின் பொறி சூடேறுதற்கு அது முன்னரே ஓடவேண்டும். இம்முட்டுப்பாட்டை அவிழ்ப்பதே தொடக்குவோன் பணியாயிற்று.

அதனை அவிழ்த்தது ஒரு சிறு பிளாஸ்ரிக் போத்தல். அதன் குறுகிய வாயின் வழியே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைச் செலுத்தி, உடனே பொறியை உதைத்துத் தொடக்குவர். அத்துளிகள் எரிந்து பொறியைச் சிறிது சூடேற்றுவதற்குள் மண்ணெண்ணெய் தன் பணியை ஏற்றுக்கொள்ளும். ஒரு போத்தற் பெற்றோல் பல நாட்களுக்குப் போதும். அப்போத்தலை மக்கள் ‘சூப்பி’ என வழங்கினர்.

தமிழாசிரியராகிய நாம் இச்சொல்லின்மேற் சிறிது நின்று செல்லுதல் வேண்டும். சூப்புதல் என்பது வாயால் உறிஞ்சுதல். குழந்தையின் வாயில் வைப்பதைச் சூப்பி என்பது யாழ்ப்பாண வழக்கு. வன்மையான உணவை ஏற்கமாட்டாத குழந்தைக்கு முதலிற் பாலூட்டி, பின்னர் சோறூட்டுதல் போல, மண்ணெண்ணெயை ஏற்கமாட்டாத குளிர்ந்த பொறிக்கு முதலில் பெற்றோலை ஊட்டினர். எந்தக் கலைச்சொல் அகராதிக் குழுவும் கூடி ஆக்காத இச்சொல், பொறியின் தேவையை எத்துணைச் செம்மையாக விளக்குகின்றது! சொல் தந்தவர்கள் செயலின் காரணத்தையும் அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இம்முறை உலகிற்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வயல்களை உழுத போர்ட்சன் உழவுப்பொறிகளும் பெற்றோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய் வகை எண்ணெய்க்கு மாறுவனவே. ஆனால் அவற்றில் இரு தாங்கிகளையும், எண்ணெயாவியைச் சூடேற்றும் அமைப்பையும் செய்தவர்களே வைத்துக்கொடுத்தனர். இங்கோ, பெற்றோலுக்கென்றே செய்யப்பட்ட பொறியை, எவ்வித நூலும் கையேடும் இன்றி, ஊர்ப் பட்டறைக்காரர் பழக்கியெடுத்தனர். அதன் விலையையும் அவர்கள் அறிந்தே இருந்தனர். மண்ணெண்ணெய் முற்ற எரியாமையால் பிளக்கிற் கரி படியும்; அடிக்கடி கழற்றிச் சுரண்டவேண்டும். எரியாது எஞ்சிய எண்ணெய் முசலத்தின் வளையங்களைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனை விரைவில் மாற்றவேண்டும். பாரம் ஏறும்போது உருளையினுள் தட்டும் ஓசை எழும்; வேகத்தைத் தணிக்கவேண்டும். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேறு வழி இல்லாதபோது இவ்விலை பெரிதன்று.

கயிறும் பறப்புச்சில்லும்

மேற்கூறியது ஆவி குறைந்தவிடத்து நிகழ்ந்தது. சுழற்சி குறைந்தவிடத்து என் செய்வது என்பதை அறியக் கொழும்புத்துறை இறங்குதுறைக்குச் செல்லலாம். கடனீரேரியில் தொழில் செய்யும் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரத்தை இழுகயிற்றினால் தொடக்குவர். இழுத்த கயிற்றை உள்ளிழுத்துக்கொள்ளும் வில்லுச்சுருள் ஒன்று மேல்மூடியினுள் இருக்கும். உப்புக்காற்றில் அச்சுருள் துருப்பிடித்து அறுந்துபோமாயின் கயிறு பயனற்றுவிடும். கரையில் நிகழ்ந்தால் பட்டறைக்குச் செல்லலாம். நடுக்கடலில் நிகழ்ந்தால் யாது செய்வது?

அதற்கும் வழி உண்டு. தொடக்கி மூடியைக் கழற்றினால் பறப்புச்சில்லு வெளிப்படும். பல இயந்திரங்களில் அதன் விளிம்பில் ஒரு வெட்டு அமைந்திருக்கும். ஒரு கயிற்றின் நுனியில் முடிச்சிட்டு, அம்முடிச்சை வெட்டில் மாட்டி, இயந்திரம் சுழலும் திசையறிந்து சில சுற்றுச் சுற்றி, விரைவாக இழுத்தல் வேண்டும். வில்லுச்சுருள் செய்த பணி கயிற்றை மீட்பது மட்டுமே. சுழற்சியைத் தந்தது இழுத்த கைதான் என்பது இதனால் விளங்கும். நம் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்களைக் கயிறு சுற்றி இழுத்துப் பழகியோர்க்கு இது புதிதன்று. ஆயினும் மூன்று காப்புகள் மறக்கற்பாலன அல்ல. ‘கியர்’ நடுநிலையில் நிற்கின்றதா என முதலிற் பார்த்தல் வேண்டும். இன்றேல் தொடங்கியதும் படகு பாயும். சாரத்தின் தொங்கலும் சட்டையின் கையும் சுழலும் சில்லிற் சிக்காமல் இறுக்கிக்கொள்ளல் வேண்டும். இழுப்பவன் முழங்கையின் பின்னே எவரும் நிற்றலாகாது.

1990களின் முற்பகுதியில் தரைவழி அடைபட்டிருந்தபோது, மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறியே கடந்தனர். இயந்திரம் பூட்டிய ஒரு படகு பல படகுகளைப் பிணைத்து இழுத்துச் செல்லும். 1993ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் அங்கு நிகழ்ந்த கடற்படைத் தாக்குதலில் பயணிகள் பலர் மாண்டனர். அத்தகைய நீரில் நின்றுபோன ஓர் இயந்திரம் மீண்டும் தொடங்குவதும் தொடங்காததும் அத்தனை குடும்பங்களின் உயிர்ப் பொருளாய் இருந்தது. பொறியறிவு என்பது வெறும் தொழிற்பாடம் அன்று என்பதை உணர்த்தவே இதனைக் கூறினோம்.

இத்தேவை அக்காலத்தோடு ஒழிந்துவிடவும் இல்லை. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் அருகியபோது, மண்ணெண்ணெயின்றிக் கடற்றொழிலாளர் படகுகளைக் கரையேற்றி வைத்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது.

நைத்திரோ வண்டி

ஆவியும் சுழற்சியும் கூறினோம். இனி வெப்பம் குறைந்தவிடத்தைக் காண்போம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்தம் பிள்ளைகள் அறிந்திருக்கக்கூடிய ஒரு விளையாட்டுப் பொருளாகும். தொலைவில் நின்று வானலையால் இயக்கப்படும் சிறு மோட்டார் வண்டிகளுள் பல இன்று மின்கலத்தில் ஓடுவன. எனினும் மெய்யான பொறி பூட்டிய வண்டிகளும் உள. அவற்றை நைத்திரோ வண்டி என்பர்.

அப்பொறியின் உருளைக் கொள்ளளவு பெரும்பாலும் 2 முதல் 4 கனசென்ரிமீற்றர் வரையே. ஆயினும் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேலும் சுழலவல்லது. அதன் எரிபொருள் மெதனோல், நைத்திரோமெதேன், மசகெண்ணெய் ஆகியவற்றின் கலவை. நைத்திரோமெதேன் தன் மூலக்கூற்றிலேயே ஒட்சிசனைக் கொண்டிருத்தலின், குறைந்த காற்றிலும் மிகுந்த எரிபொருளை எரிக்கத் துணைசெய்யும். மெதனோலின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 11 பாகை. நம் ஊரின் 28 பாகையில் அது தாராளமாக ஆவியாகும். எனவே குளிர்நாட்டார் பொறியைச் சூடேற்றிப் படும் பாடு நமக்கு இல்லை, சூப்பியும் வேண்டா.

இப்பொறியில் மின்பொறி எழுப்பும் அமைப்பு இல்லை. அதற்கு மாறாக ‘குளோ பிளக்’ என்னும் ஒளிர்செருகி உண்டு. அதனுள் பிளாற்றினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் இருக்கும். சூடேறிய பிளாற்றினக் கம்பி எரிவாயுவும் காற்றும் கலந்தவிடத்துத் தீச்சுவாலையின்றியே ஒளிர்ந்துகொண்டிருக்கும் என்பதை 1817ஆம் ஆண்டில் சேர் ஹம்பிரி டேவி கண்டறிந்தார். ஏறத்தாழ 130 ஆண்டு கழித்து, 1947ஆம் ஆண்டில், அமெரிக்கரான றே ஆடென் அத்தத்துவத்தில் அமைந்த பிளக்கைச் சிறுபொறிகளுக்கென வெளியிட்டார். தொடங்கும்போது மட்டும் மின்னோட்டத்தாற் கம்பியைச் சூடாக்கவேண்டும். தொடங்கியபின் ஒவ்வோர் எரிவின் வெப்பமும், பிளாற்றினத்தின் ஊக்கலும் அதனை ஒளிர வைக்கும், மின்கலத்தை எடுத்துவிடலாம். செயல் முடியுமளவும் நின்று விலகும் துணைக்கருவிக்கு இதனினும் தக்க உதாரணம் கிடைத்தல் அரிது.

அக்கம்பியைச் சூடாக்கும் சிறு கருவி காணாமற் போயின் என் செய்வது? அதன் பணி ஏறத்தாழ 1.5 வோல்ற்று அழுத்தத்தில் 3 அம்பியர் அளவு மின்னோட்டம் தருவதே. எனவே பெரிய உலர்மின்கலம் ஒன்றும், தடித்த குறுகிய செப்புக்கம்பி இரண்டும் போதும். ஒரு கம்பி பிளக்கின் நடுமுனையையும், மற்றையது பொறியின் உலோகத் தலையையும் இறுகத் தொடவேண்டும்; ஒன்றையொன்று தொடலாகாது. முதலிற் பிளக்கைக் கழற்றி, எரிபொருளுக்கு அப்பால் வைத்து இணைத்துப் பார்க்கலாம். சுருள் செம்மஞ்சளாய் ஒளிர்ந்தால் பிளக்கும் மின்கலமும் நல்லன. 9 வோல்ற்றுச் சிறு மின்கலமோ 12 வோல்ற்று மோட்டார் பற்றறியோ நேராக இணைத்தற்கு உரியன அல்ல.

ஏன் என்பதை மேல்வகுப்பு மாணவர் கணக்கிட்டறிக. 12 வோல்ற்றுப் பற்றறியிலிருந்து 1.5 வோல்ற்றுப் பிளக்குக்கு 3 அம்பியர் தரவேண்டின், இடையில் 10.5 வோல்ற்றைத் தாங்கும் தடை வேண்டும். அத்தடை 10.5 ஐ 3 ஆல் வகுக்க வரும் 3.5 ஓம் ஆகும். அதில் வெப்பமாய் வீணாகும் வலு 10.5 ஐ 3 ஆற் பெருக்க வரும் 31.5 வாற்று. பிளக்கு வேண்டுவதோ 4.5 வாற்று மட்டுமே. தடையின்றி இணைத்தால் கம்பி நொடியில் அறுந்துவிடும். பெரிய பற்றறியே சிறந்தது என எண்ணுதல் தவறு. அளவறிந்த சிறு மின்கலமே பணியை முடிக்கும்.

தள்ளினால் தொடங்குமோ?

சுழற்றும் கயிறோ தொடக்குப் பெட்டியோ இல்லையெனின், மோட்டார் சைக்கிளைத் தள்ளித் தொடக்குவது போல இவ்வண்டியையும் தள்ளித் தொடக்கலாமே எனச் சிலர் எண்ணுவர். அது பயன்தராது. மோட்டார் சைக்கிளில் கியரை இட்டுக் கிளச்சை விட்டால் சில்லும் பொறியும் இறுகப் பிணைந்துவிடும். எனவே சில்லின் சுழற்சி பொறிக்குச் செல்லும். நைத்திரோ வண்டியிலோ, பொறி வேகமாகச் சுழன்றபின்னரே மையநீக்க விசையால் விரிந்து பற்றும் கிளச்சு உள்ளது. பொறி நின்றிருக்கும்போது சில்லுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கியரின்றி ஓடும் இக்காலத்து ஸ்கூட்டர் பலவற்றைத் தள்ளித் தொடக்க இயலாமைக்கும் இதுவே காரணம்.

ஆகவே சுழற்சியைப் பறப்புச்சில்லுக்கே நேராகத் தரவேண்டும். வண்டியின் அடித்தட்டில் பறப்புச்சில்லுத் தெரியும் துளை இருப்பின், துளையிடும் மின்கருவியின் முனையில் சிறு இறப்பர்ச் சில்லொன்றைப் பொருத்தி, பொறி சுழலும் திசைக்கு ஏற்ப, இரண்டொரு நொடி தொடச்செய்து எடுக்கலாம். அதற்கு முன் பிளக்கைக் கழற்றி, துளையின்மேற் துணியிட்டு, பொறியை மெல்லச் சுழற்றிப் பார்த்தல் நன்று. உருளையினுள் எரிபொருள் மிகுந்து தேங்கியிருந்தால் அது வெளியேறிவிடும். திரவம் அமுங்காதாதலின், அதனை உள்ளே வைத்து வலிந்து சுழற்றுவோர் முசலத்தைத் தாங்கும் தண்டை வளைத்துவிடுவர்.

காப்பு

முதற்கருவியாகிய எரிபொருள் இவ்விடங்களிலெல்லாம் தீயின் மறுபெயரேயாகும். சூப்பியால் பெற்றோல் ஊட்டும்போது பொறி பின்னோக்கி வெடித்தால் காபரேற்றரின் வாயிலிருந்து சுவாலை பாயும். எனவே போத்தலை மூடி அப்பால் வைத்தபின்னரே உதைத்தல் வேண்டும்; முகத்தை அருகிற் கொண்டுசெல்லலாகாது. மெதனோலின் சுவாலை பகலொளியில் கண்ணுக்குப் புலப்படாது. தீயில்லை எனக் கருதிக் கைவைப்போர் வெந்துபோவர். அதனை விழுங்கினால் கண்பார்வை போவதோடு உயிரும் போகலாம். குடிநீர்ப் போத்தலில் அதனை ஊற்றிவைத்தல் கொடிது. பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயை விளக்கில் ஊற்றுவது அதனினும் கொடிது. திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் உடனிருக்க, இப்பயிற்சிகளைச் செய்க.

முடிவுரை

மாணவர்காள்! இன்று உங்கள் கைக்கு எட்டும் பொறிகளெல்லாம் ஒரு பொத்தானில் தொடங்குகின்றன. பொத்தான் நல்லதே. ஆனால் பொத்தானுக்குப் பின்னே நிற்கும் மூன்றையும் அறியாதவன், அது வேலை செய்யாத நாளிற் கைகட்டி நிற்பான். ஆவியா, சுழற்சியா, வெப்பமா, எது குறைகின்றது என்று கேட்கப் பழகியவன் மின்கலத்தையோ கயிற்றையோ சூப்பியையோ கண்டுகொள்வான்.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மண்ணெண்ணெய்க் காலத்திற் பொறிகளை ஓட்டியும் திருத்தியும் வாழ்ந்தோர் உங்களுள் பலர். எப்பொறிக்கு எத்தனை துளி, எந்த ஓசைக்கு என்ன பொருள், எதனை எதற்கு மாற்றாக இட்டீர்கள் என்பன உங்கள் கைகளிலேயே இருக்கின்றன. அக்கைகள் தளருமுன் அவற்றை எழுதித் தாருங்கள்; எழுத இயலாதோர் ஒரு மாணவனை அருகழைத்துச் சொல்லுங்கள். சூப்பி போன்ற சொற்கள் இன்னும் எத்தனை பட்டறைகளோடு மறைந்தனவோ! அவற்றைத் தொகுத்து வைத்தல் தமிழுக்கும் தொழிலுக்கும் ஒருங்கே செய்யும் பணியாகும்.

ஒரு கல்லூரியும் மாணவனுக்குத் துணைக்கருவியே. அவன் உருப்பெறும் வரை உடன் நின்று, பின்னர் அவனைச் செல்லவிடுவது. விழாக் காணும் நம் கல்லூரி இனி வரும் தலைமுறைகளையும் அவ்வாறே இயக்கி விடுக. அது நீடு வாழ்க!